வெளியேறிய நேரம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. செய்தித்தாள் ஒன்றின் கல்வி இணைப்பை நடத்தும் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். "பல்கலைக்கழகத்துல சேரப்போற பசங்க தங்கற இடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கறதுன்னு பத்து குறிப்பு எழுதிக் கொடுங்க. லைட்டா இருக்கட்டும். நீங்க ஹாஸ்டல்ல இருந்தவங்கதானே?" என்றார். இருந்தவள்தான். சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

குறிப்பு ஒன்று: அறையைப் பார்க்கப் போனால் முதலில் குழாயைத் திறந்து பாருங்கள். கூட வருபவர் "தண்ணி எப்பவும் வரும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் பாட்டுக்குச் சொல்லட்டும், நீங்கள் பாட்டுக்குத் திறந்துவிடுங்கள்.

குறிப்பு இரண்டு: ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது, எதிரே யாருடைய ஜன்னல் இருக்கிறது என்று பாருங்கள்.

குறிப்பு மூன்று: அறையைப் பகிர்ந்துகொள்ளப் போகிறவரைப் பற்றி முன்கூட்டியே

அதற்கு மேல் கை ஓடவில்லை. அந்த வரியை அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் அந்த "முன்கூட்டியே"யின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் ஆசிரியரைக் கூப்பிட்டு, பத்து குறிப்பு வரவில்லை, ஒரே ஒரு ஆள்தான் வருகிறாள் என்றேன்.

"யாரு?"

"நாப்பத்தாறு வயசு. முதல் வருஷ மாணவி."

அவர் சிரித்தார். "நம்ம பக்கம் பதினெட்டு வயசுக்காரங்களுக்கு மேடம்."

அப்படியானால் உங்கள் பக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கலாம். வருத்தமில்லை.

2

எங்கே தொடங்குவது? மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

தொடக்கம் அ: "இருபத்துமூன்று வருடம் அடுத்தவர் கையில் ஊசி குத்தியவள், அன்று தன் கையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு"

அவள் பெட்டியே கொண்டுவரவில்லை. இரண்டு துணிப்பைகளும் ஒரு நீல பக்கெட்டும்தான். பக்கெட்டுக்குள் குவளை, குவளைக்குள் சோப்பு. 'கையில்' இரண்டு முறை வருவது எனக்கு அழகாகப் பட்டது. அழகுக்காக ஒருத்தி கையில் பெட்டியைத் திணிப்பதா? வேண்டாம்.

தொடக்கம் ஆ: "அவள் ஒரு புரட்சிக்காரி."

இதைப் படித்தால் அவளே தலையில் அடித்துக்கொள்வாள்.

தொடக்கம் இ: நடந்ததை நடந்தபடி சொல்வது. வேறு வழி தெரியாததால் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

அவள் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவள். காலை ஆறரைக்கு ரப்பர் பட்டையைக் கையில் எடுத்தால் பதினொன்று வரை நிமிரமாட்டாள். கிடைக்காத நரம்பு அவளுக்குக் கிடைக்கும். குழந்தைகள் அழுது முடிப்பதற்குள் பஞ்சை வைத்துவிடுவாள். ரத்தத்தைக் குழாயில் விட்டு, பெயர் ஒட்டி, இயந்திரத்தில் வைத்து, முடிவைத் தாளில் ஏற்றுவது வரை அவள் வேலை. தாளின் அடியில் கையெழுத்துப் போடுவது பட்டம் படித்த ஒருவரின் வேலை. அவர் பக்கத்து அறையில் இருப்பார். "சார், இந்த எண்ணிக்கை சரியா வரல, மறுபடி பாருங்க" என்று எத்தனையோ முறை அவள் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் பார்ப்பார், அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும், அவர் கையெழுத்துப் போடுவார். இருபத்துமூன்று வருடம் இப்படியே போயிற்று. பிள்ளைகள் இரண்டு பேரும் படிப்பை முடித்த வருடம், தன்னுடைய பழைய மதிப்பெண் பட்டியலைத் தூசி தட்டி எடுத்து, நுண்ணுயிரியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். இடம் கிடைத்துவிட்டது.

அவளை ஊசிக்காரி என்று சொல்கிறேன். பின்னால் ஹாஸ்டலே அவளை அப்படித்தான் கூப்பிட்டது, அவளுக்கும் அது பிடித்திருந்தது.

(இந்த இடத்தில் அவள் புருஷன் என்ன சொன்னான் என்ற கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். அவன் படிக்கப் போயிருந்தால் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டிருப்பீர்களா? சரி, கோபிக்காதீர்கள். அடுத்த பகுதியில் வருகிறான்.)

3

வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பேருந்தில் மூன்றரை மணி நேரம். போய்வந்து படிப்பது நடக்காது. தங்கவேண்டும். தங்குவதற்கு மூன்று இடம் இருந்தது.

முதல் இடம் நாத்தனார் வீடு. வளாகத்திலிருந்து பத்து நிமிடம். "குத்துக்கல்லாட்டம் நான் ஒருத்தி இருக்கும்போது உனக்கு ஹாஸ்டல் எதுக்கு அண்ணி?" என்று நாத்தனார் உரிமையோடு கோபித்துக்கொண்டாள். அறையைக் காட்டினாள். சமையலறைக்குப் பின்னால், துவைக்கும் இயந்திரத்துக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில் ஒரு கட்டில். "நீ படிக்கற நேரம் போக எனக்குச் சும்மா ஒரு கை கொடுத்தாப் போதும்" என்றாள். அந்த ஒரு கை எவ்வளவு நீளம் என்று ஊசிக்காரிக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு அதைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாவது இடம் ஒரு தனியார் விடுதி. மாடியில் ஓர் அறை, ஆறு கட்டில், கட்டிலுக்கு ஒரு திரை. வீட்டுக்காரர் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிவிட்டு, "சரி, பொண்ணு எங்க?" என்றார்.

"எந்தப் பொண்ணு?"

"தங்கப்போற பொண்ணு."

"நான்தான்."

அவர் ஒருமுறை அவளைப் பார்த்தார், ஒருமுறை மேல்கட்டிலுக்கு ஏறும் ஏணியைப் பார்த்தார். "பொண்ணைக் கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்" என்று உள்ளே போய்விட்டார். காது கேட்கவில்லையோ, மனது கேட்கவில்லையோ.

மூன்றாவது இடம் பல்கலைக்கழகத்தின் பெண்கள் ஹாஸ்டல். இரண்டு பேருக்கு ஓர் அறை. விண்ணப்பத்தில் மாணவியின் கையொப்பத்துக்கு ஒரு கட்டம், பாதுகாவலர் கையொப்பத்துக்கு ஒரு கட்டம். மாணவியின் கட்டத்தில் போட்டுவிட்டு, புருஷனிடம் நீட்டினாள். அவர் மோட்டார் பழுது பார்ப்பவர். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"படிக்க வேண்டாம்னு நான் சொன்னேனா? தங்கறதுதான் யோசனையா இருக்கு."

"என்ன யோசனை?"

"ஜனங்க நாலு விதமாப் பேசுவாங்க."

"எந்த ஜனம்? பேரைச் சொல்லுங்க, நானே போய்க் கேட்டுட்டு வரேன்."

"பார்க்கலாம்" என்று விண்ணப்பத்தைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்தார். பதினோரு நாள் அங்கேயே இருந்தது. பன்னிரண்டாம் நாள் அவள் எடுத்து, பாதுகாவலர் கட்டத்திலும் தானே கையெழுத்துப் போட்டாள்.

"அம்மா, அது செல்லாதும்மா" என்றான் மகன்.

"யாரு சொன்னா? இந்த வீட்டுல ரெண்டு பேருக்கு இத்தனை வருஷமா நான்தான் பாதுகாவலர். மூணாவதா ஒரு ஆளைச் சேத்துக்கக் கூடாதா?"

விண்ணப்பத்தைத் தபாலில் போட்டாள். இடம் ஒதுக்கிக் கடிதம் வந்தது, அறை எண் இருநூற்றுப் பதினாலு.

(கிளம்பிய அன்று பேருந்து நிறுத்தம் வரை பக்கெட்டை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். நடந்ததால் எழுதுகிறேன். இதற்காக நீங்கள் அவரை மன்னிக்கவும் வேண்டாம், அவருக்காக உருகவும் வேண்டாம்.)

4

இனி ஒரு தவறைப் பற்றிச் சொல்லவேண்டும். கதையே அதன்மேல்தான் நிற்கிறது.

ஹாஸ்டலில் இரண்டு பதிவேடுகள் இருந்தன. வாசல் மேசையில் இருந்தது பார்வையாளர் பதிவேடு. அப்பா, அம்மா, அண்ணன் என்று யார் வந்தாலும் அதில் எழுதவேண்டும், மாலை ஆறு மணிக்குள் வெளியேறிய நேரத்தைப் போட்டுவிட்டுப் போய்விடவேண்டும். அலுவலகத்துக்குள் இருந்தது மாணவியர் வருகைப் பதிவேடு. சேரும் நாளன்று மாலை ஐந்து மணிக்குள் மாணவி அதில் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் அவள் வரவில்லை என்று பொருள். அவளுடைய இடம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவளுக்குப் போய்விடும்.

ஊசிக்காரி பிற்பகல் மூன்று நாற்பதுக்கு வாசலுக்கு வந்தாள். ஒரே கூட்டம். மெத்தைகள், மேசை விளக்குகள், அழுகிற அம்மாக்கள், அழுகையை அடக்கிக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுக்கும் அப்பாக்கள். காவலாளி நரைத்த தலையாகப் பார்த்துப் பதிவேட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் முன்னாலும் தள்ளினார்.

அவரைக் குறை சொல்லமாட்டேன். ஏனென்றால் எழுதியது அவள். பெயர் என்ற இடத்தில் பெயரை எழுதினாள். யாரைப் பார்க்க என்ற இடத்தில் அறை எண்ணை எழுதினாள். உறவு என்ற இடத்தில், யோசிக்கவே இல்லை, அம்மா என்று எழுதினாள். உள்ளே வந்த நேரம், மூன்று நாற்பது.

இருபது வருடமாக அந்தக் கை அப்படித்தான் எழுதியிருக்கிறது. பள்ளி வாசலில், பல் மருத்துவரிடத்தில், மகளை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டபோது, மகன் கால் உடைந்து படுத்திருந்தபோது. உறவு என்று ஒரு கட்டத்தைக் கண்டால் அந்தக் கைக்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும். எழுதிவிட்டுப் பேனாவை வைத்தாள். கையெழுத்துப் போட்டாயிற்று, சேர்ந்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு பக்கெட்டோடு மாடி ஏறினாள். அலுவலகத்துக்குள் இன்னொரு பதிவேடு இருப்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

5

அறை இருநூற்றுப் பதினாலு. இரண்டு இரும்புக் கட்டில், இரண்டு மேசை, இரண்டு தட்டு வைத்த ஒரே அலமாரி. சுவரில் யாரோ நாள்காட்டியைப் பிய்த்தெடுத்த இடத்தில் ஒட்டு நாடா மட்டும் நான்கு மூலையில் இருந்தது. ஊசிக்காரி முதலில் அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பிறகு அலமாரியைத் துடைத்தாள். கட்டிலின் கீழே எட்டிப் பார்த்து, முந்தைய மாணவி விட்டுப்போன ஒரு காதணியையும் மூன்று பேனா மூடியையும் எடுத்து ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தாள்.

இங்கே அறைத்தோழி வருகிறாள். பத்தொன்பது வயது, புள்ளியியல். இந்தப் பெண்தான் எனக்குத் தொல்லை கொடுக்கிறாள். முதல் வரைவில் அவளை இப்படி எழுதியிருந்தேன்:

"நாலரை மணிக்குக் கதவைத் திறந்த அறைத்தோழி, அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துக் குழம்பினாள்.

'நீங்க யாரோட அம்மா ஆன்ட்டி?'

'ஒரு பையன், ஒரு பொண்ணு. ரெண்டு பேரும் இங்க இல்ல. உனக்கு ஜன்னல் பக்கம் வேணுமா, கதவுப் பக்கம் வேணுமா?'

யாரோ ஒரு மாணவியின் தாய் வழி தவறி வந்துவிட்டார் என்று நினைத்த அறைத்தோழி, ஆறு மணி ஆனதும் வார்டனிடம் போய்ச் சொன்னாள்."

உரையாடல் சரியாக இருக்கிறது. அதற்கடுத்த வாக்கியத்தைப் பாருங்கள். "நினைத்த" என்ற சொல் எவ்வளவு சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. ஜன்னல் பக்கம் வேண்டுமா என்று கேட்கிறவள் வழி தவறி வந்தவளா? நாலரைக்குப் பார்த்தவள் ஆறு மணி வரை ஏன் காத்திருந்தாள்? அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே இருந்தாள்?

ஒரு பாத்திரம் நம்பும்படி இல்லை என்றால் எழுதுகிறவள் எதையோ ஒளிக்கிறாள் என்று பொருள்.

6

அறைத்தோழி நான்தான்.

நான் குழம்பவில்லை. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அதில் இரண்டு பெயர். ஒன்று என்னுடையது. இன்னொன்றைக் காலையிலேயே படித்திருந்தேன். உள்ளே இருந்தவளின் பையில் அதே பெயர் மைப்பேனாவால் எழுதியிருந்தது. ஜன்னல் பக்கம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

கீழே வாசல் பெஞ்சில் என் பள்ளித்தோழி உட்கார்ந்திருந்தாள். சுருட்டை முடி, பெயரும் சுருட்டைதான். காலடியில் சூட்கேஸ். காத்திருப்போர் பட்டியலில் அவள்தான் முதல். நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கவேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்து திட்டம் போட்டவர்கள். எந்தச் சுவரில் எந்தப் படம் என்பது வரை பேசி வைத்திருந்தோம்.

அலுவலக மேசையில் மாணவியர் பதிவேடு திறந்து கிடந்தது. இருநூற்றுப் பதினாலுக்கு இரண்டு கட்டம், ஒன்றில் என் கையெழுத்து, மற்றது காலி. வாசல் பதிவேட்டிலும் பார்த்தேன். அம்மா என்று இருந்தது. என்ன நடந்திருக்கிறது என்று ஒரு நொடியில் புரிந்துவிட்டது, நான் கணக்கில் கெட்டிக்காரி. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு ஐம்பது.

பத்து நிமிடம் இருந்தது. மாடிக்கு இருபத்திரண்டு படி. "ஆன்ட்டி, கீழ வந்து இன்னொரு கையெழுத்துப் போடணும்" என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

நான் பெஞ்சில் சுருட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு எழுத்தர் பதிவேட்டை மூடினார். சுருட்டை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது, என்னுடையதும்தான். ஆறு மணிக்கு வார்டனிடம் போய், "மேடம், என் ரூம்ல ஒரு அம்மா இருக்காங்க, டைம் ஆயிடுச்சு, இன்னும் போகல" என்றேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் வெட்கமாக இருக்கிறது, இதை வேறு அலங்காரம் செய்து சொல்லத் தெரியவில்லை.

7

வார்டன் அவளைக் கீழே கூப்பிட்டார். கெட்ட மனுஷி இல்லை. முந்நூறு பெண்களைக் காலையிலிருந்து மேய்த்துக் களைத்திருந்தார், மூன்றாம் மாடியில் தண்ணீர் வேறு நின்றுபோயிருந்தது. பதிவேட்டைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார்.

"இது உங்க எழுத்துதானே?"

"ஆமா."

"அம்மான்னு போட்டிருக்கீங்க."

"தப்பா எழுதிட்டேன் மேடம். கைப்பழக்கம். நான் படிக்க வந்தவ. இந்தாங்க கடிதம்."

வார்டன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "கடிதம் சரியாத்தான் இருக்கு. ஆனா மாணவி ரிஜிஸ்டர்ல உங்க கட்டம் காலியா இருக்கே."

"இப்போ போடறேன், கொடுங்க."

"அஞ்சு மணிக்கே மூடியாச்சு. எண்ணிக்கையை மேல அனுப்பியாச்சு. நீங்க ஒண்ணு செய்யுங்க. இதுல வெளியேறிய நேரத்தைப் போட்டுட்டுப் போங்க. காலைல வந்து ஒரு மனு கொடுங்க. இடம் காலியிருந்தா பார்க்கலாம்."

பெஞ்சில் சுருட்டை எழுந்து நின்றாள். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன்.

"என் இடமே இருக்கும்போது காலியிடம் எதுக்கு மேடம்?"

"இன்னைக்கு வராதவங்க இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும். அது ரூல். நான் போட்டதில்ல." வார்டனின் குரல் தணிந்தது. "ஒரு ராத்திரிதானே. இந்த ஊர்ல சொந்தக்காரங்க யாரும் இல்லையா?"

"இருக்காங்க. அதனாலதான் இங்க வந்தேன்."

காவலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்துக்கொண்டார்.

"வீட்டுக்காரர் நம்பரைக் கொடுங்க, நான் பேசறேன். விண்ணப்பத்துல ரெண்டு இடத்துலயும் ஒரே கையெழுத்து வேற இருக்கு."

"நம்பர் தரமாட்டேன்."

"ஏன்?"

"அவர் இங்க படிக்க வரல."

வார்டன் பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். ஊசிக்காரி வாங்கினாள். வெளியேறிய நேரம் என்ற கட்டத்துக்கு மேலே பேனா நின்றது. அந்த ஒரு கட்டத்தை நிரப்பினால் எல்லாம் முடிந்தது. பத்து நிமிடத்தில் நாத்தனார் வீடு, இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் கட்டில். காலையில் அறைக்கதவில் என் பெயரும் சுருட்டையின் பெயரும் இருக்கும். அவள் எழுதவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆமாம், அப்போதும்.

அவள் எழுதவில்லை. பரிசோதனைக்கூடத்தில் குழாய் மேல் ஒட்டிய பெயரைப் படிப்பதுபோல, தான் எழுதிய வரியை விரல் வைத்து முதலிலிருந்து படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மேடம், உள்ளே வந்த நேரம் என்ன போட்டிருக்கு?"

"மூணு நாப்பது."

"அஞ்சு மணிக்கு முன்னாடிதானே?"

"அது பார்வையாளர் புக்குங்க."

"புக் எதுவா இருந்தா என்ன, வந்த ஆள் நான்தானே. இவரு கண்ணு முன்னாடிதானே எழுதினேன்."

"ஆமா மேடம், பக்கெட்டோட வந்தாங்க" என்றார் காவலாளி.

"நான் இன்னைக்கு வரலைன்னு உங்க ஒரு புக் சொல்லுது. வந்தேன்னு இன்னொரு புக் சொல்லுது. நான் இருபத்துமூணு வருஷம் லேப்ல இருந்தவ. லேபிளைத் தப்பா ஒட்டிட்டா மறுபடி ஒரு தடவை ரத்தம் எடுப்போம். இப்படி ஒரு ஆளே இல்லைன்னு ரிப்போர்ட் கொடுக்கமாட்டோம்."

வார்டன் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் படித்தார்.

"வெளியேறிய நேரம் போட்டாத்தான் நான் வெளிய போனவ. போடாத வரைக்கும் உள்ள இருக்கேன். நான் போடப்போறதில்ல. காலைல அந்த ரூம்லேருந்து இறங்கி வந்து மாணவி புக்குல கையெழுத்துப் போடறேன்." பேனாவை மூடிப் பதிவேட்டின் மேல் வைத்தாள். திரும்பி, என்னைக் கடந்து, படியேறிப் போனாள்.

"எட்டு மணிக்கு ஆபீஸ் வாசல்ல நிக்கணும்!" என்று வார்டன் கீழேயிருந்து கத்தினார்.

"ஏழே முக்காலுக்கு நிப்பேன்" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

காவலாளி அன்றைய பார்வையாளர் எண்ணிக்கையைக் கூட்டினார். வந்தவர் அறுபத்தொன்று, போனவர் அறுபது. "மீதி ஒண்ணுக்கு என்ன மேடம் எழுதறது?"

வார்டன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உள்ளேன்னு எழுதுங்க."

8

இப்போது முடிவு. வரைவுகளில் இருந்த முடிவுகளை உங்கள் முன்னால் வைக்கிறேன்.

முடிவு அ: புருஷன் தானாகவே கடைசிப் பேருந்தைப் பிடித்து வந்து, வார்டனிடம் "அவ போட்ட கையெழுத்து நான் போட்ட மாதிரி" என்கிறார். படித்துப் பார்த்த என் தங்கைக்குக் கண் கலங்கியது. அவர் வரவில்லை. வந்திருந்தால் கதை அவருடையதாகியிருக்கும்.

முடிவு ஆ: அறைத்தோழி படியிலிருந்து ஓடிவந்து, "மேடம், கதவுல இவங்க பேரு இருக்கு, நான் பார்த்தேன், நான்தான் சொல்லாம விட்டேன்" என்கிறாள். இந்த முடிவை நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் நன்றாகவே வந்தது. நான்கையும் கிழித்துப் போட்டேன். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்காக ஒரு பொய்யை எழுதிக்கொள்ள இத்தனை வருடம் கதை எழுதக் கற்றுக்கொள்ளவில்லை.

நடந்தது இவ்வளவுதான். சுருட்டை சூட்கேஸை எடுத்துக்கொண்டு, படியில் நின்ற என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆறு கட்டில் போட்ட ஏதோ ஒரு மாடிக்குப் போனாள். எங்கள் நட்பு அந்த வாசலோடு சரி. அவளுக்கும் ஓர் அறை தேவைப்பட்டது, அதை நான் மறக்கவில்லை. நான் மேலே போனேன். ஊசிக்காரி அலமாரியின் முன்னால் நின்றிருந்தாள்.

"மேல்தட்டு எனக்கு. என்னால அடிக்கடி குனிய முடியாது."

"சரி ஆன்ட்டி."

"ஆன்ட்டின்னு கூப்பிடாத. இங்க நான் யாருக்கும் ஆன்ட்டி இல்ல."

"வேற எப்படிக் கூப்பிடறது?"

"பேரு கதவுல இருக்கே. அதைப் படிக்காமலா நீ உள்ள வந்த?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கதவுக்குப் போய், அந்தத் தாளைப் படித்து, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "ம்" என்றாள்.

மறுநாள் காலை கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். பட்டம் வாங்கினாளா? தாளின் அடியில் அவள் கையெழுத்து ஏறியதா? புருஷன் என்ன ஆனார்? எப்போது வீடு திரும்பினாள்? எனக்கு எல்லாம் தெரியும். சொல்லமாட்டேன். கல்வி இணைப்பின் ஆசிரியரும் இதையேதான் கேட்டார். அந்த வார்டனும் இதையேதான் கேட்டார். நாற்பத்தாறு வயதில் ஒருத்தி ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், எப்போது வெளியே வருவாள், யார் வந்து கூட்டிப்போவார்கள் என்பதைத் தவிர நமக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. அவள் நிரப்ப மறுத்த கட்டத்தை நான் நிரப்பப்போவதில்லை.

அவள் உள்ளே இருக்கிறாள். மேல்தட்டில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நானும் இந்த அறைக்காரிதான், எனக்கும் இங்கே இடம் இருக்கிறது.

நீங்கள் பார்வையாளர். ஆறு மணி ஆகிவிட்டது. கீழே மேசையில் பேனா இருக்கிறது, உங்கள் நேரத்தை எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.